தோல் இறுகினால் உள்ளுறுப்பையும் கவனியுங்கள்!



சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, தைராய்டு என்றால் நம்மில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. கடைத்தெருவில் நின்று பேசும்போதே மாத்திரை பெயர் வரைக்கும் சொல்லிவிடுவோம். 'ஸ்க்ளீரோடெர்மா' என்று சொல்லிப் பாருங்கள். "அது என்னங்க, வாயில நுழையாத பேரா இருக்கே!" என்பார்கள். என் நாத்தனாருக்கு அந்த நோய் வந்து, அவளோடு நான் ஆஸ்பத்திரிக்கு அலைந்த நாலு வருஷத்தில் தெரிந்துகொண்டதை நம் பெண்களுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

இது எல்லோருக்கும் வருகிற நோய் இல்லை. அபூர்வமான நோய்தான். ஆனால் வருகிறவர்களில் ஆண்களைவிடப் பெண்கள் பல மடங்கு அதிகம். அதுவும் பெரும்பாலும் 30-லிருந்து 50 வயதுக்குள், பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கிற, வீட்டு வேலை மொத்தமும் நம் தலையில் இருக்கிற வயதில் வருகிறது. அதனால்தான் இதன் அறிகுறிகளை 'வேலை அலுப்பு' என்று சொல்லித் தள்ளிவிடுகிறோம்.

என்ன நோய் இது?

நோயை எதிர்த்துப் போராட வேண்டிய நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி, தடம் மாறி நம் உடம்பையே தாக்குகிறது. அதனால் தோலில் நார் போன்ற பொருள் அதிகமாகச் சேர்ந்து, தோல் தடித்து இறுகிவிடுகிறது. எங்கள் வேலூர், ஆம்பூர் பக்கத்து ஜனங்களுக்கு எளிதாகப் புரியும்படி சொன்னால், பதனிட்ட தோல் மாதிரி! கிள்ளிப் பார்த்தால் விரலுக்கு நடுவே மடிப்பு வராது. மோதிரம் கழட்ட முடியாது. வாயை அகலத் திறந்து ஒரு கவளம் சோறு வைக்க முடியாது.

பெரும்பாலோருக்கு இது விரலில்தான் ஆரம்பிக்கிறது. குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தால் விரல் நுனி சுண்ணாம்பு மாதிரி வெளுக்கும். அப்புறம் நீலம் பாரிக்கும். சூடு பட்டதும் சிவந்து சுருக்சுருக்கென்று வலிக்கும். இதை 'ரேனாட்' என்கிறார்கள். மார்கழி விடியலில் வாசல் தெளிக்கும்போதும், ஃப்ரிட்ஜிலிருந்து பால் பாக்கெட் எடுக்கும்போதும், ஏ.சி. பஸ்ஸில் போகும்போதும் தெரியும்.

இதைப் படித்துவிட்டு யாரும் பயந்துவிடாதீர்கள். விரல் வெளுப்பவர்கள் எல்லோருக்கும் இந்த நோய் வருவதில்லை. சின்ன வயதிலிருந்தே அப்படி இருந்து, வேறு எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள்தான் அதிகம். 30 வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பித்தால், கூடவே விரல் வீங்கினால், நுனியில் புண் வந்தால், நெஞ்செரிச்சல் சேர்ந்துகொண்டால் காட்டிவிட வேண்டும். ஏ.என்.ஏ. என்கிற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. நகக்கணுவில் உள்ள சின்ன ரத்தக் குழாய்களை லென்ஸ் வைத்துப் பார்த்தும் டாக்டர்கள் கண்டுபிடிக்கிறார்கள்.

தொழுநோய் அல்ல, தொற்றும் அல்ல!

என் நாத்தனார் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தாள். விரல் மடங்கி, தோல் மினுமினுவென்று ஆனதும் தெருவில் குசுகுசுவென்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். "அந்த வியாதியா இருக்குமோ?" என்று. அவள் கொடுத்த டம்ளரை ஒருத்தி வாங்காமல் நின்றதை நானே பார்த்தேன். நோயைவிட அதுதான் அவளை அழ வைத்தது.

எங்கள் மாவட்டத்துக்குத் தொழுநோய் புதிதல்ல. 1940-களின் கடைசியில் டாக்டர் பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சை செய்து நிமிர்த்திக் காட்டினார். கரிகிரியில் 1955-இல் தொழுநோய்க்கென்றே ஆஸ்பத்திரி வந்தது. அதனால் விரல் மடங்கினாலே இங்கே எல்லோருக்கும் அந்த நினைப்புதான் முதலில் வரும்.

வித்தியாசம் இருக்கிறது சகோதரிகளே. தொழுநோயில் தேமல் பட்ட இடத்தில் உணர்ச்சி குறையும், சுட்டாலும் தெரியாது. இந்த நோயில் விரலுக்கு உணர்ச்சி இருக்கும், வலியோ உயிர் போகும். ஸ்க்ளீரோடெர்மா ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றவே தொற்றாது. தொட்டுப் பழகலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம், குழந்தையைத் தூக்கலாம். தொழுநோய்கூட இன்றைக்கு மருந்தில் முழுசாகக் குணமாகிற நோய்தான். இரண்டுக்குமே யாரையும் ஒதுக்கி வைக்க நியாயம் இல்லை.

தோல் கண்ணுக்குத் தெரியும், ஆபத்து தெரியாது

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். தோல் இறுகுவது கண்ணுக்குத் தெரிகிறது. அதையே பார்த்துக்கொண்டு எண்ணெய் தடவுகிறோம், களிம்பு தேடுகிறோம். ஆனால் உயிருக்கு ஆபத்து வருவது உள்ளே, நுரையீரல், இதயம், சிறுநீரகம், குடலில். அந்த ஆபத்தின் முதல் அறிகுறிகள் எல்லாமே நமக்குப் பழகிப்போன சாதாரணக் கஷ்டம் மாதிரியே வருகின்றன. மூச்சு வாங்கினால் 'ரத்தம் கம்மி', தலை வலித்தால் 'வெயில்', நெஞ்சு எரிந்தால் 'கேஸ்', கால் வீங்கினால் 'ரொம்ப நேரம் நின்னேன்'. மற்றவர்களுக்கு அது சரியாகவும் இருக்கலாம். இந்த நோய் உள்ளவர்கள் மட்டும் அப்படி விடவே கூடாது.

மூச்சு

இந்த நோயில் உயிரிழப்பவர்களில் நுரையீரல் பாதிப்பால் இறப்பவர்களே இப்போது அதிகம். நுரையீரலும் தோல் மாதிரியே தழும்பு கட்டி இறுகுகிறது. முதலில் சளியே இல்லாத வறட்டு இருமல். அப்புறம் மாடிப்படி ஏறினால், குடம் தூக்கினால் மூச்சு வாங்கும். நாம் என்ன செய்கிறோம்? மூச்சு வாங்காதபடி வேலையைக் குறைத்துக்கொள்கிறோம். மாடியில் துணி காயப் போட மகளை அனுப்புகிறோம். அதனால் மூச்சு வாங்குவதே தெரியாமல் போய்விடுகிறது!

ஆகவே உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள். "ஆறு மாசத்துக்கு முன்னால செஞ்ச வேலையை இப்போ எதுவெல்லாம் செய்யறதில்லை?" பதில் இருந்தால் டாக்டரிடம் அதை அப்படியே சொல்லுங்கள். தழும்பு பெரும்பாலும் முதல் சில வருஷங்களில்தான் வேகமாகப் பரவுகிறது. அதனால் நோய் என்று தெரிந்தவுடனே நெஞ்சு சி.டி. ஸ்கேனும், குழாயில் ஊதிப் பார்க்கும் பரிசோதனையும் எடுக்கச் சொல்வார்கள். ஊதும் பரிசோதனையைச் சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்ப எடுக்க வேண்டியிருக்கும். 'போன தடவை நல்லாத்தானே இருந்தது' என்று விட்டுவிடாதீர்கள்.

வந்த தழும்பு பெரும்பாலும் போகாது. மேலும் பரவாமல் பிடித்து நிறுத்த மருந்து இருக்கிறது. மைகோஃபினோலேட், சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்று பழைய மருந்துகள் உண்டு. இந்த நோயின் நுரையீரல் தழும்புக்கென்றே நின்டெடானிப் என்கிற மருந்துக்கு அமெரிக்காவில் 2019-இல் அனுமதி கிடைத்தது. யாருக்கு எது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். மைகோஃபினோலேட் வயிற்றில் இருக்கும் சிசுவுக்கு ஆபத்து. குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் கருத்தரிக்கும் முன்பே டாக்டரிடம் பேசிவிட வேண்டும்.

இதயம்

நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கி, இதயத்தின் வலது பக்கத்துக்குப் பாரம் கூடுவது இன்னொரு ஆபத்து. இது நோய் வந்து பத்து வருஷம் கழித்துக்கூட வரலாம். விரலும் முகமும் மட்டும் இறுகி, மற்றபடி லேசாக இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கும் வரும். மூச்சு வாங்குவது, கால் வீக்கம், நெஞ்சு படபடப்பு, நடக்கும்போது தலை சுற்றி மயங்கி விழுவது இதன் அறிகுறிகள். வருஷத்துக்கு ஒருமுறை எக்கோ எடுக்கச் சொல்வது இதற்காகத்தான். வேலை செய்யும்போது மயக்கம் வந்தால் 'காலையில சாப்பிடல' என்று சொல்லிக்கொண்டு இருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சிறுநீரகம்: மணிக்கணக்கு முக்கியம்!

இருப்பதிலேயே வேகமாக வரும் ஆபத்து இது. நேற்று வரை சாதாரணமாக இருந்த பி.பி. திடீரென்று ஏறும். கடுமையான தலைவலி, கண் மங்கல், மூச்சுத் திணறல், வாந்தி, சிறுநீர் குறைவது, சிலருக்கு வலிப்புகூட வரும். சில நாட்களிலேயே சிறுநீரகம் செயலிழந்துவிடலாம். கை, கால், மார்பு, வயிறு என்று தோல் பரவலாக, வேகமாக இறுகுகிறவர்களுக்கு, அதுவும் முதல் நாலைந்து வருஷத்தில்தான் இந்த ஆபத்து அதிகம்.

ஒரு காலத்தில் இது வந்தால் பெரும்பாலோர் ஒரு வருஷத்துக்குள் இறந்துபோனார்கள். 1970-களின் கடைசியில் கேப்டோப்ரில் என்கிற பி.பி. மருந்து வந்த பிறகு நிலைமை தலைகீழாக மாறியது. அந்த வகை மருந்தை உடனே ஆரம்பித்தால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள். 'அப்போ முன்னெச்சரிக்கையா இப்பவே போட்டுக்கலாமே' என்று கேட்கக் கூடாது. வருவதற்கு முன்பே போட்டுக்கொள்வதால் இதைத் தடுக்க முடியாது. வந்ததும் உடனே கொடுப்பதில்தான் பலன் இருக்கிறது.

என் நாத்தனாருக்கு நடந்ததைச் சொல்கிறேன். நோய் தெரிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கை மூட்டு வலி தாங்கவில்லை என்று யாரோ சொன்ன ஒரு இடத்தில் சீட்டில்லாமல் மாத்திரை வாங்கித் தின்றிருக்கிறாள். எங்கே, யார் என்பது இப்போது வேண்டாம். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது. "சாமி மாதிரி மருந்து அண்ணி" என்றாள். அது ஸ்டீராய்டு. டாக்டர் வேண்டாம் என்று எச்சரித்திருந்த அதே மருந்து!

ஸ்டீராய்டை அதிக அளவில், அதாவது ப்ரெட்னிசலோன் தினம் 15 மில்லிகிராமுக்கு மேல் சாப்பிட்டால் இந்தச் சிறுநீரக ஆபத்து கூடுகிறது. சில நேரம் டாக்டரே குறைந்த அளவில் எழுதிக் கொடுப்பார், அது வேறு. நாமாக வாங்கித் தின்னவும் கூடாது, பல நாளாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நாமாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. இரண்டுமே ஆபத்து. சும்மா வலிக்குத் தின்கிற மாத்திரைகளும் சிறுநீரகத்துக்கு ஆகாது.

அவள் வீட்டில் ஒரு பி.பி. மெஷின் இருந்தது. டாக்டரம்மா சொல்லி வாங்கியது. ஒன்பதாவது படிக்கிற அவள் மகள்தான் வாரம் மூன்று நாள் பார்த்து, பழைய கணக்கு நோட்டில் எழுதி வைப்பாள். எல்லாம் 110/70, 104/68 என்றுதான் இருக்கும். சித்திரை மாசத்தில் ஒரு நாள் சாயங்காலம் இவளுக்குத் தலைவலி. வெயில் என்று சொல்லி நெற்றியில் பற்றுப் போட்டுப் படுத்துவிட்டாள். மகள் பி.பி. பார்த்திருக்கிறாள், 172/108. மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடியும் பார்த்திருக்கிறாள். அதேதான். நோட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தாள். "அத்தை, அம்மாவுக்கு எப்பவும் இப்படி இருக்காது, பாருங்க" என்று பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள்.

ராத்திரியோடு ராத்திரியாக 108-இல் கொண்டுபோனோம். வாசலில் இருந்த இளம் டாக்டரிடம் நான் முதலில் சொன்னது, "இவளுக்கு ஸ்க்ளீரோடெர்மா இருக்குங்க" என்பதைத்தான். நோட்டையும் பழைய சீட்டையும் காட்டினோம். உடனே பெரிய டாக்டரைக் கூப்பிட்டார்கள். ஏழு மாசம் டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது. அப்புறம் சிறுநீரகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி, இப்போது டயாலிசிஸ் இல்லாமல் மருந்தில் இருக்கிறாள். இன்னும் ரெண்டு நாள் பற்றுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்பவும் வயிறு கலங்குகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வழக்கமாக 100/70 இருப்பவருக்கு 140/90 வந்தாலே அது பெரிய ஏற்றம். மற்றவர்களுக்கு 'லேசா கூட இருக்கு, உப்பைக் குறைங்க' என்பார்கள். நமக்கு அப்படி இல்லை. வழக்கத்தைவிட மேல் அளவு 30, கீழ் அளவு 20 கூடினால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். ஒரு சிலருக்கு பி.பி. ஏறாமலும் இது வரும் என்பதால் சிறுநீர் குறைந்தாலும், நுரைத்துப் போனாலும் விடக் கூடாது. வழக்கமான அளவு என்ன என்று தெரிந்தால்தானே கூடியது தெரியும்? அதற்குத்தான் நோட்டு.

வயிறும் விரலும்

இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குச் சாப்பாட்டுக் குழாய் மந்தமாகிவிடுகிறது. சோறு தொண்டைக்குக் கீழே நிற்கும், புளிச்ச ஏப்பம் வரும், படுத்தால் நெஞ்சு எரியும். கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை சாப்பிடுவது, ராத்திரி சாப்பாட்டை முன்னதாக முடித்துக்கொண்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுப்பது, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்துவது எல்லாம் உதவும். டாக்டர் கொடுக்கும் அமில மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும். ஆனால் எடை குறைந்துகொண்டே போனால், வயிறு உப்பிப் பேதி நிற்காவிட்டால், மலம் கறுப்பாகப் போனால், வாந்தியோடு வயிறு கட்டிக்கொண்டால் அது வெறும் கேஸ் இல்லை. ரத்தசோகை என்று இரும்புச்சத்து டானிக் மட்டும் குடித்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தும் இந்த நோயில் ரத்தம் குறையும்.

விரல் நுனியில் புண் வந்து சீழ் பிடித்தாலோ, நுனி கறுத்துப் போனாலோ ஒரு நாளும் தள்ளிப் போடக் கூடாது. விரலையே இழக்க நேரிடும். பாத்திரம் கழுவ வெதுவெதுப்பான தண்ணீர், கைக்கு உறை, காலுக்கு சாக்ஸ், குளிருக்கு ஸ்வெட்டர்... இதையெல்லாம் ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். வீட்டில் பீடி, சிகரெட் புகைப்பவர்கள் இருந்தால் வெளியே போகச் சொல்லுங்கள். புகை ரத்தக் குழாயை இன்னும் சுருக்கும்.

கம்பெனி வேலையால் வந்ததா?

எங்கள் பக்கம் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. கல் உடைக்கும் தூசியான சிலிக்காவும், சில ரசாயனக் கரைப்பான்களும் இந்த நோயோடு சம்பந்தப்பட்டவை என்று ஆராய்ச்சிகளில் சொல்லியிருக்கிறார்கள். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் இதை 1957-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஷூ ஒட்டுகிற பசையிலும் கரைப்பான் உண்டு. அதற்காக ஒவ்வொருவருக்கும் அதனால்தான் வந்தது என்று சொல்லிவிட முடியாது. கம்பெனிப் பக்கமே போகாத பெண்களுக்கும் வருகிறது, பெரும்பாலோருக்குக் காரணமே தெரிவதில்லை. என்ன வேலை செய்கிறோம் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பசை வேலையில் இருப்பவர்கள் காற்றோட்டமும் கையுறையும் கேட்டு வாங்குவது எப்படியும் நல்லதுதான்.

எங்கே போவது?

ஊசி போடும் இடத்துக்கெல்லாம் அலைய வேண்டாம். இதைப் பார்ப்பவர்கள் வாத நோய் நிபுணர்கள், ருமட்டாலஜி என்பார்கள். வேலூர் சி.எம்.சி., சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை ஆகிய இடங்களில் இதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பி.பி. பார்க்கக் காசு கேட்க மாட்டார்கள். 2021-இல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து பி.பி. பார்க்கும் சகோதரிகளிடமும் விஷயத்தைச் சொல்லி வைக்கலாம்.

கடைசியாக, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் நோயின் பெயர், சாப்பிடும் மருந்துகள், ஸ்டீராய்டு பற்றி டாக்டர் சொன்ன எச்சரிக்கை. அடுத்த பக்கங்களில் வாரம் இரண்டு மூன்று முறை பி.பி., மாசம் ஒருமுறை எடை, புதிதாக வந்த தொந்தரவு, செய்ய முடியாமல் போன வேலை. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நோட்டும் கூடவே போக வேண்டும். வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று இருந்தால் அதன் பொறுப்பில் விடுங்கள்.

பால் க்ளே என்ற புகழ்பெற்ற ஓவியருக்கும் இந்த நோய்தான் இருந்தது என்று அவர் இறந்த பிறகு டாக்டர்கள் கணித்தார்கள். உடம்பு முடியாத நிலையிலும் 1939-ஆம் வருஷம் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் வரைந்தாராம். அவர் இறந்த ஜூன் 29-ஆம் தேதியைத்தான் உலக ஸ்க்ளீரோடெர்மா தினமாகக் கடைப்பிடிக்கிறார்கள். 1940-இல் அவருக்குக் கிடைக்காத மருந்தும் பரிசோதனையும் இன்று வேலூரிலேயே இருக்கின்றன. நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டியதுதான் நம் வேலை.

உங்கள் தெருவில், உறவில் விரல் வெளுத்து, தோல் இறுகி ஒரு பெண் ஒதுங்கி இருந்தால் இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். "சமீபத்துல பி.பி. பார்த்தியா? மூச்சு வாங்குதா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியே போதும்.

- ஒரு வாசகி, அணைக்கட்டு